மாமாவின் காருக்கு முன்சக்கர பிரேக்

என் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, நகரப் பேருந்து ஓட்டுபவர். இருபத்தேழு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவர் பிரேக் போடுவதே தெரியாது. வண்டி நின்ற பிறகுதான் நிறுத்தம் வந்துவிட்டதென்று பயணிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் ‘தொட்டில்’.

ஐம்பது வயதில் அந்த மனிதருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ரிமோட்டில் ஓடும் கார் ஒன்று வாங்கினார். பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். பெட்ரோல் இன்ஜின், பதினைந்து கிலோ எடை, இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில், பூட்டிக்கிடக்கும் ஒரு கிடங்கின் முன்னாலிருந்த சிமெண்டுத் தரையில் அதைப் பறக்கவிடுவார். ஆறு நாள் அடக்கிவைத்த வேகமெல்லாம் அன்றைக்கு வெளியே வரும்.

ஒரு ஞாயிறு, அவர் மறந்துவிட்டுப் போன செல்போனைக் கொடுக்க அக்கா அங்கே போனாள். தரை ஈரமாக இருந்தது. அவளைப் பார்த்ததும் மாமா பிரேக்கை அழுத்தினார். கார் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே வந்து அவள் முழங்காலுக்குக் கீழே மோதியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா, ஒரு வாரம் வார்டில் நொண்டிக்கொண்டே நடந்தாள்.

மாமா உடைந்துபோனார். ஊரில் ஒருவரையும் இடிக்காதவர் கட்டின மனைவியை இடித்துவிட்டாரே. காரைப் பழைய போர்வையால் மூடி பால்கனியில் தள்ளினார். மூன்று ஞாயிறு போயிற்று. விற்றுவிடப் போவதாக என்னிடம் சொன்னது அக்கா காதில் விழுந்தது.

“வாங்குறவன் வீட்லயும் ஒருத்தி இருப்பால்ல? அத விக்க வேணாம். நிக்க வைங்க.”

அன்றே போர்வை விலகியது. குறை எங்கே என்று மாமா எனக்கு விளக்கினார். அத்தனை கனமான வண்டிக்கு, பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிற ஒற்றை பிரேக் தட்டு. நிறுத்தும்போது எடையெல்லாம் முன்னால் சாய்கிறது, பிடியோ பின்னால் இருக்கிறது. ஆகவே முன்சக்கரங்களுக்கு, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் வரவழைத்தார். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து இரண்டு மாலை உட்கார்ந்து பூட்டினார்.

மூன்றாம் மாலை எண்ணெய் ஏற்றும்போதுதான் மாட்டிக்கொண்டார். ஈர்க்குச்சி தடிமனில் ஒரு குழாய். அதற்குள் காற்றுக்குமிழ் தங்கிவிட்டால் பிரேக் பஞ்சுபோல அமுங்கும், பிடிக்காது. சிரிஞ்சால் எண்ணெயைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு குமிழ் போனால் இரண்டு வந்தது. சட்டையெல்லாம் எண்ணெய்.

வேலை முடிந்து வந்த அக்கா, தோள்பையைக்கூட இறக்காமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கை கழுவிக்கொண்டு வந்தாள்.

“காத்து மேலதாங்க ஏறும். நீங்க மேலேருந்து தள்ளினா அது எங்க போகும்?”

சிரிஞ்சை நிமிர்த்தி விரலால் இரண்டு சுண்டு சுண்டினாள். குமிழ்கள் நுனிக்கு ஏறின. அவற்றை வெளியே தள்ளிவிட்டு, சக்கரப் பக்கமிருந்து மேல்நோக்கி எண்ணெயைச் செலுத்தினாள். அவசரமே இல்லை. கடைசிக் குமிழ் மேலே வந்து உடைந்தது. மாமா பிரேக்கை அமுக்கிப் பார்த்தார், கல்லாக நின்றது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கைகளை.

“இத்தன வருஷத்துல உன் வேலைய நான் பாத்ததே இல்லையே,” என்றார்.

“பாக்கணும்னா பெட்ல கெடந்திருக்கணும். பாக்காததே நல்லது,” என்றாள் அக்கா.

ஞாயிறு மூவரும் போனோம். முதல் ஓட்டத்தில் பிரேக் பிடித்த பிடியில் பின்பக்கம் எழும்பி, கார் குட்டிக்கரணம் அடித்தது. மாமா முன்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து, அதை நோக்கி முப்பது முறையாவது விட்டிருப்பார். தரையில் தண்ணீர் ஊற்றியும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வாளிக்கு ஒரு முழம் முன்னால் நேராக நின்றது.

அக்கா போய் வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். மாமா உடனே இன்ஜினை அணைத்துவிட்டார். அவள் நிற்கிற பக்கம் ஓட்டவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

“அப்ப எங்கிட்ட குடுங்க,” என்று அவள் ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் மாமா இன்ஜினை முடுக்கிக் கொடுத்தார்.

அக்காவுக்கு மெதுவாக ஓட்ட வரவில்லை. கார் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. மாமாவின் வலது கால் வெறுந்தரையை மிதித்து மிதித்து அழுத்திக்கொண்டிருந்தது. சுவருக்கு ஒரு சாண் இருக்கையில் கார் நின்றது.

“இன்னொரு ரவுண்டு,” என்றாள் அக்கா. அவர் சரியென்று சொல்வதற்குள் கார் கிளம்பிவிட்டது.