ஓசி வக்கீலம்மா

கோப்பைப் பட்டென்று மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார் நீதிபதியம்மா. "உங்க மேல என்ன புகார்? உங்க வாயாலயே சொல்லுங்க, கேப்போம்." குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னாலும் இந்தக் கேள்வி உண்டு. ஐந்து நிமிட வழக்கு அரை மணி நேரம் இழுக்கும். கிளார்க் கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். அம்மா கண்டுகொள்ளவே மாட்டார்.

நீதிபதியாவதற்கு முன் இருபத்திரண்டு வருடம், வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கச் சம்பளத்தில் வாதாடியவர். ஊர் வைத்த பெயர் 'ஓசி வக்கீலம்மா'. ஓசி என்றாலே இளக்காரம்தானே! "ஜெயிச்சா சாமி காப்பாத்துச்சும்பாங்க, தோத்தா ஓசி வக்கீல் கவுத்துட்டாம்பாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நீதிபதியான முதல் வாரம் கிளார்க் ஒரு கைதியின் பெயரைக் கூப்பிட, பழக்க தோஷம், இவரும் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார். நீதிபதி எழுந்தால் கோர்ட் கலைந்தது என்று அர்த்தம். வக்கீல்களும் போலீஸ்காரர்களும் எழுந்து பைகளைத் தூக்கிவிட்டார்கள். "ஐயையோ, உக்காருங்க, உக்காருங்க! பழைய வேலை ஞாபகம்!" என்றார். கிளார்க்கே சிரித்துவிட்டார்.

அந்தப் பழைய வேலையில் ஆறாத வடு ஒன்று உண்டு. சேர்ந்த புதிதில் ஒரு லாரி டிரைவரிடம், என்ன நடந்தது என்று கேட்காமலே, குற்றத்தை ஒத்துக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று சொல்லிவிட்டார். அவரும் அன்றே வீட்டுக்குப் போனார். குற்றவாளி என்ற முத்திரை விழுந்ததில் வேலை போயிற்று. அந்தத் தப்புதான் இந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது. "அந்த இருபத்திரண்டு வருஷத்துக்கு நான் நன்றி சொல்லணும். அது இல்லேன்னா இந்த நாற்காலியில வெறும் பொம்மையா உக்காந்திருப்பேன்" என்பார் கணவரிடம்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் இளைஞன் ஒருவன் வந்தான். கடையில் பேட்டரி திருடியதாகப் புகார். "ஒத்துக்கிறேம்மா" என்றான்.

"எதை ஒத்துக்கிறீங்க?"

"அவங்க சொல்றத."

"அவங்க என்ன சொல்றாங்க?"

திருதிருவென்று விழித்தான். "தெரியலம்மா. ஒத்துக்கிட்டா இன்னைக்கே விட்டுருவாங்கன்னு உள்ள சொன்னாங்க. அம்மா தனியா இருக்காங்க."

முத்திரை விழுந்தால் ஆஸ்பத்திரி அவனை மறுபடி வேலைக்குச் சேர்க்காது. அவனுக்கு அரசாங்கச் சம்பளத்தில் வாதாட வந்த சின்னப் பெண்ணின் கையில் நாற்பது கோப்புகள். காலையில் படிக்கட்டில்தான் அவனை முதன்முதலாகப் பார்த்திருக்கிறாள். நீதிபதி ஒரு பக்கம் சாயக்கூடாது, ஆனால் அவகாசம் கொடுக்கலாமே! ஒப்புதலை ஏற்க மறுத்து, அவனைச் சொந்த ஜாமீனில் அன்றே வீட்டுக்கு அனுப்பினார். "ஒரு வாரம் டைம். அவரோட உக்காந்து பேசுங்க" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டோடு வந்து நின்றாள். திருட்டு நடந்த மதியம் முழுக்க அவன் துவைக்கும் அறையில் இருந்ததற்கு மேற்பார்வையாளரின் கையெழுத்து இருந்தது. அரசுத் தரப்பு வக்கீல் புரட்டிப் பார்த்துவிட்டு வழக்கை வாபஸ் வாங்கினார்.

கடைசி பெஞ்சிலிருந்து அவன் தாய் ஓடிவந்தாள். "நீங்க நல்லா இருக்கணும்மா! எம் புள்ளையக் குடுத்துட்டீங்க!" என்று நீதிபதியைப் பார்த்துக் கதறினாள்.

"நான் கேள்விதாம்மா கேட்டேன். ஓடி அலைஞ்சது அவங்க" என்று கை காட்டினார் நீதிபதி. அந்தத் தாய்க்கு அது காதில் விழவில்லை. நீதிபதியையே திரும்பத் திரும்பக் கும்பிட்டாள். அந்தப் பெண்ணோ தலை குனிந்தபடி அடுத்த கோப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வக்கீலம்மா" என்று கூப்பிட்டார் நீதிபதி.

வக்கீல்தான் நீதிபதியை வணங்குவது கோர்ட் வழக்கம். அந்தப் பெண் நிமிர்ந்தபோது, நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நிறைந்திருந்த கோர்ட்டின் முன் அவளுக்குத் தலை வணங்கினார்.