துரியோதனனுக்கு விழுந்த அடி

எங்க தர்மராஜா கோயில் திருவிழாவுல துரியோதனன் வேஷம்னா முத்துமணிதான். நான்தான் அந்த முத்துமணி. கூத்து இல்லாத நாள்ல பாகலூர் பக்கத்துல ஒரு கம்பெனியில பிரஸ் மெஷின் ஓட்டுவேன். கான்ட்ராக்ட் வேலை. கம்பெனிக்கு ஆள் அனுப்புறது எங்க ஊர் குருமூர்த்தி. கோயில் விழாவுக்குப் பெரிய கை அவன்தான், ஊர்ல பாதி வீட்டுச் சோறும் அவன் கையிலதான்.

எங்க தெரு போர்வெல் தண்ணியை, வடக்கத்திப் பசங்களுக்கு வாடகைக்கு விட்ட ரூமுங்களுக்குத் திருப்பிக்கிட்டான் அவன். பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க. கேக்க ஒருத்தனுக்கும் வாய் இல்ல. எனக்குத்தான் கொழுப்பு, வார்டு மெம்பருக்கு அவன் தம்பியை எதிர்த்து நின்னேன். "நில்லுண்ணா, நாங்க இருக்கோம்"னு தெருவே சொல்லுச்சு. ஓட்டுப் பெட்டிகிட்டப் போனதும் அத்தனை பேரும் என்னை மறந்துட்டாங்க. தோத்ததுகூடப் பரவால்ல. மறுவாரம் கம்பெனி கேட் மெஷின்ல என் ஐடி கார்டை வெச்சா சிவப்பு லைட் எரியுது, செக்யூரிட்டி உள்ள விடல.

என் பொண்டாட்டி மாதேஸ்வரி என்னை இழுத்துக்கிட்டு குருமூர்த்தி வீட்டுக்குப் போனா. அவன் கோவப்படவே இல்ல, காப்பி குடுக்கச் சொன்னான். "வேஷத்தை இந்த வருஷமும் நீயே கட்டு முத்துமணி. படுகளம் நல்லபடியா முடியட்டும், கார்டைப் பாத்துக்கலாம்"னான். நல்ல மனுஷன்னு நெனச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

படுகளத்தன்னிக்கு எங்க ஊர்ல ஒரு வழக்கம். பீமன்கிட்ட அடி வாங்கிச் சாயுறதுக்கு முன்னால துரியோதனன் தெருத்தெருவா வரணும். பொம்பளைங்க வீட்டுத் துடைப்பத்தால அவன் மேல ஒரு தட்டுத் தட்டுவாங்க, வீட்டுப் பீடை அவனோட தொலையட்டும்னு. கையில காப்பு கட்டினவன் தடுக்கக் கூடாது, ஓடக் கூடாது. வருஷா வருஷம் "வலிக்குதாண்ணா"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் தட்டுவாங்க.

இந்த வருஷம் குருமூர்த்தி எனக்கு முன்னால நடந்து வந்தான். முதல் வீடு சரோஜம்மாளோடது. அவ மகனும் அவன்கிட்டதான் வேலை பாக்குறான். துடைப்பத்தைத் திருப்பி அடிக்கட்டையால என் தோள்ல போட்டா. போட்டுட்டு என்னைப் பாக்கல, குருமூர்த்தியைப் பாத்தா. அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான், அடுத்த வீட்டுக்கும் அதுக்கடுத்த வீட்டுக்கும் புரிஞ்சு போச்சு. அடிக்கிறது, அவன் பாத்தானான்னு திரும்பிப் பாக்கிறது. நான் யாரோட குடத்துக்காகத் தேர்தல்ல நின்னேனோ அதே கைங்கதான். கிரீடம் கீழ விழுந்துச்சு, அரிதாரத்தோட ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குச்சு. ஒருத்திக்காவது மனசு வராதான்னு ஒவ்வொரு வாசல்லயும் பாத்தேன், வரல.

பீமன் வேஷம் கட்டின பொன்னுசாமி கிட்ட வந்து, "இங்கியே விழுந்துடுண்ணா, முடிச்சுடலாம்"னான். களத்துக்குப் போகாம விழுந்தா ஊருக்கு ஆகாதுன்னு பழி என் மேல வரும். கார்டும் திரும்பி வராது. நடந்தேன்.

கடைசி வீடு என்னோடது. மாதேஸ்வரி துடைப்பத்தோட நின்னா. "பொறுத்துக்குங்க"ன்னு எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா. அப்புறம் அடிச்சா பாருங்க, ஊர்ல ஒருத்தியும் அப்படி அடிக்கல. தான் அடிக்கிற அடியிலதான் கார்டு திரும்பி வரும்னு அவ நம்புனா. குருமூர்த்தி போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தல.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் அவன் வீட்டு வாசல்ல நின்னோம். வீங்கின என் மூஞ்சியைப் பாத்துட்டு, "இதை வெச்சுக்கிட்டு உன்னை எப்படிடா கம்பெனிக்கு அனுப்புறது?"ன்னான். "உன் பொண்டாட்டிக்குக் கை நல்ல கை. கேன்டீன்ல பாத்திரம் தேய்க்க ஆள் வேணும், அவளை வரச் சொல்லு." முடியாதுன்னு சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அவ அதுக்குள்ள தலையாட்டிட்டா.

இப்ப அவ கம்பெனி பஸ்ஸுல போறா, நான் வீட்டுல சோறாக்குறேன். போன வாரம் குருமூர்த்தி ஆள் அனுப்பியிருந்தான், அடுத்த வருஷமும் துரியோதனன் நான்தானாம். செத்தாலும் கட்ட மாட்டேன்னேன். மாதேஸ்வரி சாப்பிட்டுக்கிட்டிருந்தா, தட்டுல இருந்து தலையைத் தூக்கல.

"கட்டுங்க. இப்ப என் கார்டும் அவன் கையிலதான் இருக்கு."

வந்த ஆள்கிட்ட சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்.