மேட்டுக்கு மட்டும் ஓர் என்ஜின்

அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. "தைச்சுப்பாருங்க கடை எது?" என்று கேட்டால் நடக்கப் பழகும் குழந்தைகூடக் கை காட்டும்.

தையல் மெஷின் பழுது பார்ப்பவர். மற்றவர்களைப்போல வேலை முடிந்ததும் எண்ணெயைத் துடைத்து அனுப்பிவிட மாட்டார். மெஷினுக்குச் சொந்தக்காரர் தம் வீட்டுத் துணியையும் நூலையும் கொண்டுவந்து கடையிலேயே உட்கார்ந்து தைக்க வேண்டும். அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லி எழுந்தாலும் விடமாட்டார். "ஒரு முழம் தைச்சுப் பாருங்க. நான் மிதிச்சா எல்லா மெஷினும்தான் ஓடும்" என்பார்.

தைத்து எழுந்தவர் என்ன சொல்கிறார் என்பதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். "அடிநூல் கொஞ்சம் தளருது", "திருப்பும்போது ஒரு தையல் தாவுது" என்றால் முகம் மலர்ந்து ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் திருப்தி வராது. மனசு வைத்துத் தைத்தவருக்கு ஏதாவது ஒரு குறை கண்ணில் படாமல் போகாது என்பது அவர் எண்ணம்.

இந்தப் பழக்கம் அவருக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. சீருடை தைக்கும் கம்பெனியில் தரை கூட்டுகிறவராகச் சேர்ந்து, மூலையில் போட்டிருந்த உடைந்த மெஷின்களைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவர். அங்கே மெக்கானிக்குகள் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அரை மணி கழித்துத் தையற்காரப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அதே மெஷினோடு மல்லுக்கட்டுவார்கள். கூட்டுமாறும் கையுமாக நின்று அதைப் பார்த்தவர் அவர்.

அவர் மனைவியும் முதலில் ஒரு வாடிக்கையாளர்தான். ஒரே மெஷினைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறை சொன்ன பெண். மனைவியின் தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்: "மாமாவால மெஷினைச் சரிபண்ண முடியல. அக்காவைக் கட்டிக்கிட்டு, கம்ப்ளைன்ட்டை வீட்டோட வச்சுக்கிட்டாரு."

அந்த அம்மாள் மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் துணி அறையைக் கவனிப்பவர். கிழிந்த போர்வை, உறை, அங்கி எல்லாம் அவர் கைக்கு வரும். எதை ஒட்டுப் போடலாம், எது இனிமேல் தரை துடைக்கத்தான் ஆகும் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சைக்கிளில்தான் போகிறார். சென்ற மழைக்குப் பிறகு வலது முழங்கால் தகராறு செய்யத் தொடங்கியது. சமதரையில் ஒன்றும் தெரியாது. மேடு வந்தால் இறங்கித் தள்ளினார். பிறகு தள்ளுவதும் முடியாமல் பாதி வழியில் நின்று நின்று போனார்.

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சொல்லிடலாம்னு பாக்கறேங்க."

"எதுக்கு? தினம் நான் கொண்டுவந்து விடறேனே."

"கடையைப் பூட்டிட்டா? ஒருத்தர் கூட்டிட்டுப் போய்த்தான் நான் போகணும்னா, வீட்லயே இருந்துக்கறேன்."

 அன்றைக்குக் கணவருக்குச் சோறு இறங்கவில்லை. துணி அறையை விட்டுவிட்டு அவள் இந்த இரண்டு அறைக்குள் என்ன செய்வாள் என்று யோசித்தார். 

மச்சானுக்கு ஆபீஸ் தோட்டங்களைப் பராமரிக்கும் வேலை. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் மெஷின் ஒன்று அங்கே கல்லில் மோதி, நீளக் குழாய் வளைந்து, கத்தி சுற்றும் முனை நொறுங்கிப் போயிருந்தது. முதலாளி தூக்கிப் போடச் சொன்னதை அவன் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்தான்.

"தலைதான் போச்சு மாமா. உசுரு இருக்கு. சைக்கிள்ல கட்டிவிட்டா அக்கா போற வழியில புல்லையும் வெட்டிட்டுப் போகும்."

"வாயை மூடிட்டு அந்தக் குழாயைப் பிடி மாப்ளே."

பிரித்தார். அவர் பழகிய மெஷின்களெல்லாம் சத்தமில்லாமல் ஓட வேண்டியவை. இது கத்தினால்தான் ஓடும். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. தையல் மெஷினின் பல்சக்கரத்துக்கு இடையில் சிக்கிய நூலை எடுக்கும் ஊசியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றிக் கயிற்றைச் சுண்டி இழுத்ததும், இருமி இருமிக் கடைசியில் அலறியது. எதிர்க்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

முழங்காலுக்காக மனைவி லீவு போட்டிருந்த வாரத்தில், அவருடைய சைக்கிளின் கேரியரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் என்ஜினை உட்கார வைத்தார். என்ஜின் சுற்றினால் ஓர் இரும்பு உருளை சுற்றும். அந்த உருளை பின் டயரை அழுத்தி உருட்டும். உருளை பெரிதாக இருந்தால் வேகம் வரும், மேடு ஏறாது. லேத் பட்டறையில் கட்டைவிரல் கனத்துக்குக் கடைந்து வாங்கினார். வழவழப்பாக இருந்தபோது வழுக்கியது; சொரசொரப்பாக வரி போட்டதும் டயரைக் கவ்வியது. டயரை விட்டு விலகாமலிருக்க ஒரு ஸ்பிரிங். கை வலிக்காமலிருக்க, ஆக்ஸிலேட்டர் வைத்த இடத்தில் நிற்கும்படி ஒரு பிடி. தினமும் கடை சாத்தியதும் தானே ஓட்டி மேடேறிப் பார்த்தார். பெடலில் கால் சும்மா இருக்க, ஆஸ்பத்திரி வாசல் தானாகக் கீழே இறங்கி வந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

விடுமுறை நாள் காலையில் கயிற்றை இழுத்துக் கிளப்பி வண்டியை மனைவி கையில் கொடுத்தார். தெருமுனை வரை ஒழுங்காகத்தான் போனது. அங்கே குறுக்கே ஒரு நாய் படுத்திருந்தது. அந்த அம்மாள் இத்தனை வருஷப் பழக்கத்தில் பிரேக்கைப் பிடித்து இடது காலை ஊன்றினார். சைக்கிள் நிற்கவில்லை. திறந்துவைத்த ஆக்ஸிலேட்டர் திறந்தபடியே இருந்தது. உருளை தள்ளிக்கொண்டே போய் அவரைச் சுவரில் சாய்த்தது. மச்சான் ஓடிப்போய் என்ஜினை அணைத்தான். நாய் எழுந்து, கோபமாகப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் படுத்துக்கொண்டது.

முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம், "ரொம்ப அடியா?" என்று கேட்டார்.

"அது கிடக்கட்டும். கேரியரைக் காணோமே, என் பையை நான் எங்க வைக்கறது?"

அவர் விழித்தார். "மேடு ஏறுது. நான் தினமும் ஏத்திப் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் உக்கார வச்சு தைச்சுப் பாருங்க, தைச்சுப் பாருங்கன்னு உயிரை வாங்கறீங்க. என்னை ஒரு நாள் ஏறி உக்காருன்னு சொன்னீங்களா?"

மச்சான் மெதுவாகச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டான்.

"மோட்டார் வண்டி வேணும்னு நான் எப்பங்க கேட்டேன்? என் சைக்கிள் எனக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்கு அந்த மேடு மட்டும்தான் வேண்டாம்."

 "நல்லாருக்கு" என்று அவள் சொன்னபோது தன் காது எங்கே போயிருந்தது என்பதுதான் அன்று முழுக்க அவரை அரித்தது. முன்பின் தெரியாதவர் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லோடு விட்டிருக்க மாட்டார்.

மறுநாள் என்ஜினை முழுக்கக் கழற்றிவிட்டுக் கேரியரைத் திரும்ப மாட்டினார். "நீ எப்பவும் போற மாதிரி போ" என்று சொல்லி, மச்சானின் சைக்கிளில் பின்னால் போனார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் சைக்கிள் ஓட்டுவதை அவர் இப்படிப் பார்த்ததே இல்லை. பால் கடையில் நின்றாள். மருந்துக் கடைப் பெண்ணிடம் இறங்காமலே இரண்டு வார்த்தை பேசினாள். நிற்கும்போதெல்லாம் இடது கால்தான் தரையில். வலது கட்டைவிரல் எந்நேரமும் மணியின் மேல். சமதரையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சுகமாக மிதித்தாள். மேட்டின் அடியில் வந்ததும் அந்தத் தோள்கள் இறுகின. அங்கேயிருந்துதான் அவளுக்குத் துணை வேண்டியிருந்தது.

பழைய தையல் மெஷின் ஒன்றின் பாகங்களைத் தேடினார். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கவும் இறக்கவும் மெஷினின் பின்பக்கம் ஒரு சின்ன லீவர் இருக்கும். அதே தத்துவம்தான். என்ஜினை முன் சக்கரத்துக்கு மேல் கீல் வைத்த தகட்டில் உட்காரவைத்தார். லீவரை இறக்கினால் உருளை டயரில் பதியும். தூக்கினால் என்ஜின் எதையும் தொடாமல் சும்மா சுற்றும், சைக்கிள் வெறும் சைக்கிளாகிவிடும். ஆக்ஸிலேட்டரை விரல் எடுத்ததும் தானே தணியும்படி மாற்றினார். காலை எடுத்தால் தையல் நிற்பதுபோல. புகை முகத்தில் அடிக்காமல் குழாயைக் கீழே திருப்பினார்.

இந்த முறை ஒவ்வொரு திருகுக்கும் முன்னால், ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, "ஏறி உக்காரு" என்றார்.

"லீவர் எட்டல."

"இப்ப?"

"எட்டுது. ஆனா இறக்கும்போது மணிக்கட்டு மடங்குது."

"இந்த அக்காவுக்குச் செஞ்சு குடுக்கறதுக்கு ஆஸ்பத்திரியையே கீழ இறக்கிடலாம் மாமா" என்றான் மச்சான்.

என்ஜினோடு மனைவி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், அவரும் பின்னால் போகப் புறப்பட்டார். "வந்தீங்கன்னா இறங்கி நடந்துடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டார். கடையில் ஒரு பெண் பாவாடை நாடாவைத் தைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தையல் சத்தம் அவர் காதில் விழவில்லை. தூரத்தில், மேட்டின் அடியில் என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. கனத்து, மெல்ல மெல்ல ஏறியது. பாதி மேட்டில் சட்டென்று நின்றது.

அவர் எழுந்து தெருவுக்கு வந்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். மேட்டு நடுவில் நின்றால் திரும்பக் கிளப்ப முடியுமா என்பதை அவர் சோதித்துப் பார்க்கவே இல்லை. பத்து எட்டு வைத்திருப்பார். சத்தம் மறுபடி கிளம்பி, உச்சிவரை போய், அடங்கியது.

"அண்ணே, தைச்சுட்டேன்" என்று உள்ளேயிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

சாயங்காலம் மனைவி என்ஜின் சத்தமே இல்லாமல் சரிவில் உருண்டு வந்து கடை வாசலில் இடது காலை ஊன்றினார்.

"நடு மேட்டுல ஏன் நின்னுச்சு?"

"அது நிக்கல. நான்தான் நின்னேன். சலவைக்கார அக்கா நடந்து போயிட்டிருந்தாங்க, ரெண்டு வார்த்தை பேசினேன்." கேரியரிலிருந்து பையை எடுத்தார். "கயிறை இழுக்கும்போது கைப்பிடி மணியில இடிக்குது. காலையில நான் கிளம்பறதுக்குள்ள அதைப் பாத்துடுங்க."

அவர் ஸ்க்ரூடிரைவரோடு வெளியே வந்தார்.

"இப்பவே பாத்துடலாம்" என்றார். "ஏறி உக்காரு."