பதினொரு கெஜம்

வெர்லின் ஹாட்லி எங்கள் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் ஆட்டக்கணக்கு எழுதினார். ஓக்லஹோமாவில் சனிக்கிழமை என்றால் ஃபுட்பால். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிகளை இடித்துத் தள்ளி ஓடும் ஆட்டம். எவன் எத்தனை கெஜம் ஓடினான் என்பதை மைதானத்து உச்சியில், கண்ணாடி போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து குறிப்பது ஹாட்லியின் வேலை. மணமாகாதவர். மதியத்தில் டப்பாவைத் திறந்து பீன்ஸைச் சூடாக்காமலே சாப்பிடுவார். தன் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

எண்பத்தாறாம் வருடம் ரென்ஃபோர்டு டிப்ஸ் என்ற பையன் அந்தக் கர்வத்தை இன்னும் உயர்த்தினான். பதினோரு ஆட்டங்களில் இரண்டாயிரத்து ஆறு கெஜம் ஓடினான். எங்களைப் போன்ற சிறு கல்லூரிகளில் அதற்குமுன் யாரும் இரண்டாயிரத்தைத் தொட்டதில்லை. நாட்டின் சிறந்த சிறுகல்லூரி வீரனுக்கான விருதுக்கு அவன் பெயர் அடிபட்டது. வாக்களிக்கப்போகும் நூற்று நாற்பது பத்திரிகையாளர்களுக்கும் ஹாட்லி கடிதம் அனுப்பினார். கடைத்தெருவெங்கும் ‘2000’ என்று பெரிதாக அச்சடித்த சுவரொட்டிகள் தொங்கின.

கடைசி ஆட்டம் முடிந்த வாரம், இறுதியாண்டு மாணவர்களின் வீடுகளுக்குப் பருவக்கணக்குப் புத்தகம் போனது. இரண்டு நாளில் ஒரு அம்மாள் தொலைபேசியில் அழைத்தாள். மாற்று ஆட்டக்காரன் கோய் லாசிட்டரின் தாய்.

“சார், எம் பையன் பேருக்கு நேரா பூஜ்யம் போட்டிருக்கீங்க. மழை பெஞ்ச ஆட்டத்துல அவன் ஒருதடவ பந்தத் தூக்கிட்டு ஓடினான். நான் நனைஞ்சுக்கிட்டே பாத்தேன்.”

“சேத்துல நம்பர் சரியா தெரிஞ்சிருக்காதும்மா. அது டிப்ஸா இருக்கும்.”

“நாலு வருஷமா அவன் பெஞ்சுலதான் உக்காந்திருந்தான் சார். அவன் எந்திரிச்சா எனக்குத் தெரியாதா?”

ஹாட்லி அன்று மதியமே ஆட்டத்தின் படச்சுருளை எடுத்துப் போட்டுப் பார்த்தார். திரையில் எல்லோரும் ஒரே சேற்று நிறம். சட்டையில் இருப்பது டிப்ஸின் 32ஆ, கோயின் 22ஆ என்று எத்தனை முறை நிறுத்திப் பார்த்தும் புரியவில்லை. ஆனால் ஓடியவன் பந்தை இடக்கையில் இடுக்கியிருந்தான். டிப்ஸோ, பள்ளிநாளில் இடது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து, பந்தை வலக்கையில் மட்டுமே பிடிப்பான். அந்த ஓட்டம் பதினொரு கெஜம். அன்று தன் கூண்டின் கண்ணாடி பனி மூடியிருந்தது ஹாட்லிக்கு நினைவு வந்தது. எண்ணைப் பார்த்து எழுதவில்லை. டிப்ஸாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தார்.

சாப்பாட்டுக்கூடத்தில் டிப்ஸ், தனக்கு வழிவிலக்கிக் கொடுக்கும் தடியன்கள் நாலுபேரோடு பொரித்த கோழியைத் தின்றுகொண்டிருந்தான்.

“அது நான் இல்ல சார்,” என்றான் உடனே. “ஷூ லேஸ் அறுந்துபோச்சுன்னு வெளிய உக்காந்திருந்தேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“என் கணக்குல எழுதினீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் மொத்தத்த மட்டும்தான் பாப்பேன்.”

ஒரு தடியன் சிரித்தான். “ஊரெல்லாம் ரெண்டாயிரம்னு ஒட்டியாச்சு. இனி ஏணி போட்டு ஏறி அழிக்கப்போறீங்களா சார்?”

டிப்ஸ் சிரிக்கவில்லை. “கழிச்சா எவ்வளவு?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு.”

அவன் எலும்பைத் தட்டில் வைத்துக் கையைத் துடைத்தான். “ஓட்டு முடிய இன்னும் பத்து நாள்தானே சார். அதுக்கப்புறம் சொல்லுங்களேன்.”

பயிற்சியாளர் பிரிக்ஸ்பியும் அதையே சொன்னார், கதவைச் சாத்திக்கொண்டு. “வெர்லின், யாரும் உன்னக் கேக்கல. ஒரு பொம்பளையோட போனுக்காக ஒரு பையனோட வாழ்க்கையில கை வைக்காத.”

கோயைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் நெளிந்தான். “அம்மா போன் பண்ணாங்களா? ஐயோ. பதினோரு கெஜம்தானே சார், விடுங்க. எல்லாரும் ரெண்டாயிரம் ரெண்டாயிரம்னு குதிச்சிட்டிருந்தாங்க. அதுக்கு நடுவுல நான் போய் என்னத்தச் சொல்ல?”

ஹாட்லி இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் திருத்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தார். பிழை என்னுடையது, ஆட்டக்காரனுடையதல்ல என்பது அதன் முதல் வரி. நூற்று நாற்பது உறைகளையும் தானே சுமந்துபோய்த் தபாலில் சேர்த்தார். அந்த வாரம் முழுக்க டிப்ஸ் அவரைக் கண்டால் நடைபாதையின் மறுபக்கம் போனான். பிரிக்ஸ்பி முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலே வாக்கு வித்தியாசத்தில் விருது டிப்ஸுக்கே கிடைத்தது. கடிதத்தால் வாக்கு குறைந்ததா, கூடியதா என்பது யாருக்கும் தெரியாது.

டல்லஸில் ஒரு ஹோட்டலில் விருந்து. வாடகைக்கு எடுத்த கோட்டு டிப்ஸின் தோளில் இறுக்கிப் பிடித்தது. மேடையில் இருந்த அறிவிப்பாளர் கடிதத்தைப் படிக்கவில்லை போலும், “இதோ, இரண்டாயிரம் கெஜ வீரன்!” என்று முழங்கினார். கூட்டம் எழுந்து கைதட்டியது. டிப்ஸ் ஒலிவாங்கியருகே வந்து நின்றான். கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த ஹாட்லி தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு சார்,” என்றான் டிப்ஸ். குரலில் எரிச்சல் இருந்தது. “மீதி கோய் லாசிட்டர் ஓடினது. அவன் இங்க இல்ல.”

சிலர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கினான்.

இருவரும் ஒரே காரில் திரும்பினார்கள், நான்கு மணி நேரப் பயணம். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் டிப்ஸ் இரண்டு காப்பி வாங்கி வந்து, ஒன்றை ஹாட்லியிடம் நீட்டினான்.

அடுத்த கோடையில் ஒரு தொழில்முறை அணி டிப்ஸை மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பியது. அவன் டல்சாவில் டயர் கடை மேலாளனானான். கோய் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். திருத்திய புத்தகத்தின் முதல் பிரதி லாசிட்டர் அம்மாளுக்குத்தான் போனது. பெற்றுக்கொண்டதாக அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஹாட்லி இன்னும் ஏழு பருவங்கள் அதே கூண்டில் உட்கார்ந்து எழுதினார். மழை பெய்கிற சனிக்கிழமைகளில் மட்டும், ஆட்டம் முடிந்ததும் கீழே இறங்கிவந்து, எந்த ஓட்டத்தை யார் ஓடினார்கள் என்று பையன்களிடமே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார்.