ஆகாயத்தைப் பார்த்து நின்ற ஆண்டெனா

என் தங்கையின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போக முடியாமல் அல்ல. மாப்பிள்ளையின் காலைக் கழுவ மனமில்லாமல். எங்கள் குடும்பத்தில் மணமகன் பந்தலுக்கு வந்ததும் பெண்ணின் அண்ணன் மூக்கு வைத்த கிண்டிச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கால் கழுவிவிட வேண்டும். மாப்பிள்ளைக்குக் களியக்காவிளையில் வாழைக்குலை வியாபாரம். நானோ விண்கலங்களோடு பேசுகிற பொறியாளன். அந்தக் காலை இந்தக் கை தொடுமா?

செவ்வாய்க்குப் போன கலம் ஒன்றை அப்போது எங்கள் நிலையத்து ஆண்டெனா பின்தொடர்ந்துகொண்டிருந்தது. தங்கைக்குச் செவ்வாய் தோஷம். அதனால்தான் கல்யாணம் அத்தனை வருடம் தள்ளிப்போனது. செவ்வாய்க்குப் போன கலத்தின் முணுமுணுப்பையே கேட்கத் தெரிந்த குடும்பத்து மேதை, ஜாதகத்துச் செவ்வாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

போனில் தங்கையிடம் சொன்னேன்: "நான் கைய எடுத்தா கலம் தொலைஞ்சு போகும், மக்கா."

"அப்பிடியா அண்ணா? பின்ன நீ வரண்டாம். அங்கயே நில்லு."

அழுதாளா என்று தெரிந்துகொள்ள நான் காத்திருக்கவில்லை.

உண்மை என்னவென்றால், கல்யாண மண்டபம் அளவுக்கு அகன்ற அந்த ஆண்டெனாக் கிண்ணத்தை யாரும் கையால் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கலம் எப்போது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கணினியிடம் கொடுத்துவிடுவோம். பூமி சுழல்வதற்கு ஈடாக, கடிகாரத்தின் சின்ன முள்ளைவிட மெதுவாக, அது தானே திரும்பும். வந்துசேரும் சிக்னல் கொசுவின் மூச்சைவிட மெலிது. அதைப் பிடிக்கும் கருவியை உறைய உறையக் குளிர்வித்து வைத்திருப்போம். கலம் நம் அடிவானத்தில் இறங்கிவிட்டால், மேற்கே வேறொரு நாட்டு ஆண்டெனா அதை ஏற்றுக்கொள்ளும். இதில் என் கை எங்கே வந்தது? அதிலும் கல்யாணத்தன்று கியர்களுக்குக் கிரீஸ் போடுவதற்காக எங்கள் ஆண்டெனாவையே நிறுத்தியிருந்தார்கள். அது வாயைப் பிளந்தபடி நேர் மேலே ஆகாயத்தைப் பார்த்து நின்றது. நான் கேன்டீனில் வடை தின்றுகொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்று நாகர்கோவிலில் குடியேறிய பிறகு அந்த வடை நெஞ்சைக் கரிக்கத் தொடங்கியது. இந்த வருடம் ஆனியில் ஒரு நாள் களியக்காவிளைக்குப் போய், தங்கையையும் அவள் கணவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையோடு ஒரு கிண்டியும் கொண்டுபோயிருந்தேன், நாடகத்துக்குக் குறைவில்லை.

தங்கையின் கணவர் வேட்டியை விலக்கி வலது காலைக் காட்டினார். கட்டுப் போட்டிருந்தது.

"சுகரு, அத்தான். வெரலு ரெண்ட எடுத்தாச்சு. தண்ணி படப்பிடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கு. உங்க சிக்னலு வந்துசேர தாமசமாயிட்டுல்லா!"

விழுந்து விழுந்து சிரித்தார். விரல் போனதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தங்கை சிரிக்கவில்லை.

"இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு மாமியாரு கேட்டா, ஒன் அண்ணன் எங்கட்டீன்னு. அவன் கைய எடுத்தா கலம் போயிரும்னு சொன்னேன். பொறவு ஒருத்தரும் என்ன ஒரு சொல்லு சொல்லல்ல. அந்தப் பெருமையிலதான் இங்க இருந்தேன். ஒனக்கு நெஞ்சு எரியுதுன்னு அதயும் எடுத்துட்டியே அண்ணா."

ஒவ்வொரு ஓணத்துக்கும் அவள் கையால் வறுத்த ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் ஒரு டப்பா வரும். இந்த ஓணத்துக்கும் சிப்ஸ் வந்தது. அவள் கணவர் அனுப்பியிருந்தார். கடைப் பாக்கெட், விலைச்சீட்டோடு.