ஆய்வேட்டில் காலமான அப்பாக்கள்

நான் காலமாகிவிட்ட செய்தியை எனக்குப் போனில் சொன்னது மகனின் கல்லூரி அலுவலகம். மகன் பெரம்பலூரில் பி.பி.ஏ. கடைசி ஆண்டு. அவன் கொடுத்த புராஜெக்டில் கோளாறு, பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வேண்டுமென்றால் அப்பா நேரில் வர வேண்டும் என்றார்கள். அப்பா இறந்துவிட்டதாக அதில் எழுதியிருக்கிறானே, நீங்கள் யார் என்றும் கேட்டார்கள்.

"நான்தாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அரியலூர் சிமெண்ட் ஆலையொன்றில் மூட்டை ஏற்றும் ஒப்பந்தக் கூலி நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. படித்தவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஷிப்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

புராஜெக்ட் செய்யும் முறையை மகன் பஸ் ஸ்டாண்டிலேயே விளக்கினான். போன வருடத்து அண்ணன்களிடம் ஃபைல் வாங்க வேண்டும். பெயரை மாற்ற வேண்டும். பைண்டிங் போட வேண்டும். இப்படி வழிவழியாக வந்த ஃபைலில், நன்றி சொல்லும் பக்கத்தில், 'மறைந்த என் தந்தைக்கு' என்று இருந்திருக்கிறது. முதலில் எழுதிய பையனுக்கு நிஜமாகவே அப்பா இல்லை. பாவம், சொந்தமாக எழுதியவன் அவன் ஒருவன்தான். பின்னால் வந்தவர்கள் யாரும் அந்த வரியைத் தொடவில்லை.

இந்த வருடம் துறைத் தலைவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் முழுதும் படித்தார் என்று நினைக்க வேண்டாம். நன்றிப் பக்கத்தில் அவர் பெயரும் பட்டங்களும் வரும். அவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தபோது, மேல்வரியில் நாங்கள் செத்துக் கிடந்தோம். ஒரே வகுப்பில் இத்தனை பேருக்கா அப்பா இல்லை என்று சந்தேகம் வந்திருக்கிறது.

வராந்தா பெஞ்சில் என்னைப் போல இன்னும் சில அப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், சவுதியிலிருந்து லீவில் வந்தவர்.

"என்னண்ணே, நீங்களும் மவுத்தா?"

"ஆமாங்க பாய்."

"வெயில்ல கெடந்து காசு அனுப்புறேன். இவனுவோ இங்க அடக்கமே பண்ணிட்டானுவோ."

உள்ளே விசாரணைக் குழு. ஒழுக்கம், நேர்மை, சொந்தச் சிந்தனை என்று வெகுநேரம் பேசினார்கள். பிறகு தீர்ப்பு. நன்றிப் பக்கத்தை, 'மறைந்த' என்ற சொல் இல்லாமல், புதிதாக அடித்து வைக்க வேண்டும். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவருடைய ஆதார் ஜெராக்ஸ் வேண்டும். மாணவன் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதத்தின் மாதிரியை ஆபீஸ் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். ஒரு எழுத்து மாறாமல் அப்படியே பார்த்து எழுதச் சொன்னார் கிளார்க். பழகிய வேலை. பையன்கள் சீக்கிரம் முடித்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு துறைத் தலைவரிடம் கேட்டேன்.

"சார், மத்த பக்கமும் இவன் எழுதுனது இல்லீங்களே. அதுக்கு என்ன பண்ணணுங்க?"

மகன் என் காலை மிதித்தான். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதைத் தோண்டுனா ஒருத்தனுக்கும் ஹால் டிக்கெட் கெடையாதுங்க. ஒங்க பையனுக்கும்தான். தோண்டலாமா?"

இவன் பரீட்சை எழுதாவிட்டால் மூன்று வருடம் நான் ஏற்றிய மூட்டைக்கு அர்த்தமில்லை. ஆதார் ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டேன். ஹால் டிக்கெட் கைக்கு வந்தது.

திரும்பும் பஸ்ஸில், அந்த ஏட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மகனைக் கேட்டேன். அரியலூர் சிமெண்ட் தொழிலாளர்களுக்கு வேலையில் மனநிறைவு இருக்கிறதா என்கிற ஆய்வாம். எல்லோரும் நிறைவாக இருக்கிறார்கள் என்பது முடிவாம். யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றேன்.

"ஒங்களக் கேட்டா அந்த முடிவு வராதுப்பா."

அதற்குள் அவன் போன் அடித்தது. அடுத்த வருடம் புராஜெக்ட் கொடுக்க வேண்டிய பையன், ஃபைல் கேட்டான். மகன் பொறுப்பாக விசாரித்தான்.

"ஒங்கப்பா இருக்காருல்ல? அப்ப ஒண்ணும் மாத்த வேணாம். பேரை மட்டும் போட்டுக் குடு."