மாமாவின் டிராயரில் விக்கெட் கீப்பர்

எங்கள் தெருவில் அப்போது கிரிக்கெட் கார்டு சேர்க்காத பிள்ளை கிடையாது. என் அணியில் பத்துப் பேர் இருந்தார்கள். விக்கெட் கீப்பர் மட்டும் இல்லை. "கீப்பர் இல்லாத டீமு" என்று பையன்கள் கேலி செய்தால் எனக்கு அழுகையே வந்துவிடும். அந்த ஒரு கார்டுக்காக என்ன வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருந்தேன். எம்.கே.பி. நகர்ப் பையன் ஒருவனிடம் நல்ல கார்டு ஒன்றைக் கொடுத்தும் இருந்தேன். "வூட்லேர்ந்து கீப்பர எட்தாறேன்" என்று போனவன் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பிறகு அம்மாவின் போனில், கார்டு மாற்றுகிற வாட்ஸ்அப் குழுவில், தன்னிடம் கீப்பர் இருப்பதாக எண்ணூர்ப் பையன் ஒருவன் செய்தி போட்டான். பதிலுக்கு, என்னிடம் இரண்டாக இருந்த பளபளப்புக் கேப்டனைக் கேட்டான். அவன் காலையில் ரயிலேறி எங்கள் பக்கத்துப் பள்ளிக்கு வந்து, பள்ளி விட்டதுமே ரயிலேறிப் போய்விடுகிறவன்; என்னை வெளியே விடுவது சாயங்காலம்தான். யார் முதலில் கொடுப்பது? அவனும் எங்கோ ஏமாந்தவன் போலிருக்கிறது, மசியவில்லை.

திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டு வைத்திருந்த என் மாமாதான் வழி சொன்னார். "ரெண்டு பேரும் கார்ட என்னாண்ட குடுங்க. அவன் உன்னுத பாக்கட்டும், நீ அவன்த பாரு. ரெண்டு பேரும் சரின்னா மாத்திக் குடுக்கறேன். ஒருத்தர் வாணான்னாலும் அவங்கவங்களுது அவங்கவங்களுக்கு." வண்டிக்குக் கொடுப்பதுபோல் ஆளுக்கொரு டோக்கனும் உண்டு.

அவன் காலையில் வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் நான் போய்க் கீப்பரை முன்னும் பின்னும் பார்த்து, சரி சொல்லி, கேப்டனை வைத்தேன். இனி அவன் வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அவனோ காய்ச்சலில் படுத்துவிட்டான். நான் தினமும் ஸ்டாண்டுக்குப் போவேன். மாமா டிராயரைத் திறந்து காட்டுவார், மூடுவார். சொந்த அக்கா மகள்தானே நான், ஒரே ஒரு நாள் கையில் வைத்திருந்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "அவன் பாத்து சொல்லட்டும் பாப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, நான் அங்கே இருக்கும்போதே அவன் வந்தான். ஒல்லியான பையன். என் கேப்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "வாணாண்ணா, என்னுதயே குடுத்துடு" என்றான். மாமா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. டோக்கனை வாங்கிக்கொண்டு கீப்பரை அவன் கையில் கொடுத்தார், கேப்டனை என்னிடம் நீட்டினார்.

வீட்டில் நான் அழுத அழுகையில் அம்மாவே மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா, கொயந்த இவ்ளோ ஆசப்படுது. நாலு வார்த்த பேசி வாங்கிக் குடுத்தா இன்னா கொறஞ்சா பூடுவ?"

மாமா சோற்றைப் பிசைந்தபடியே, "இவளுக்குப் பேச நாம கீறோம்கா. அந்தப் பையனுக்கு அங்க யாரு கீறா?" என்றார். அவர் அவனுக்கே மாமாவாகிவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. இனி அவரோடு பேச்சே கிடையாது என்று முடிவு செய்தேன்.

அதோடு விட்டேனா? அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, போனை எடுத்துக் குழுவில் குரலிலேயே பேசிப் போட்டேன். "யாரும் திருவொத்தியூர் ஸ்டேஷனாண்ட எங்க மாமா ஸ்டாண்டுல கார்ட குடுக்காதீங்க. அந்தப் பக்கம் சரி சொல்லலன்னா, சொந்த அக்கா பொண்ணு அய்து கேட்டாகூட குடுக்க மாட்டாரு. அவ்ளோ மோசம்." அவர் மானம் கப்பலேறிவிடும் என்று எனக்குப் பரம திருப்தி.

அடுத்த வாரமே வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். காட்டுப்பள்ளியிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சிறுமி வந்தாள். அதற்கப்புறம் முகம் தெரியாத பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். மாமாவிடம் கார்டைக் கொடுத்து டோக்கன் வாங்கிப் போனார்கள். இவ்வளவு சொல்லியும் இவர்கள் ஏன் வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் கேவலமாகத் திட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.